வீட்டுத் தண்ணீர் போன வழி

நெல்லை, மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்படியை ஒட்டி அங்கணம் என்று ஓர் இடம் உண்டு. தளத்தைவிட நாலு விரல் தாழ்வாகக் கல் பாவி, சுற்றிலும் சின்ன மேடு கட்டியிருப்பார்கள். பாத்திரம் கழுவுவது, அரிசி களைவது, மீன் அலசுவது எல்லாம் அங்கேதான். சுவரின் அடியில் ஒரு துளை. அதன் வழியே வெளியேறும் தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடி, கொல்லையில் நிற்கும் வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் போய்ச் சேரும். துளையில் பருக்கையும் புளிச்சக்கையும் சேர்ந்து தண்ணீர் நின்றுவிட்டால், விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்கை உருவிக் குத்திவிட்டால் போதும். வாய்க்காலில் வண்டல் தட்டினால் மண்வெட்டியால் இழுத்து வாழை மூட்டில் போடுவார்கள். அடைப்பு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது, எதனால் வந்தது என்பதும் தெரிந்தது. அடைத்த வீடே எடுத்தது.

அதே வீட்டில் இன்னொரு கழிவும் இருந்தது. கொல்லையின் கடைசியில் எடுப்புக் கக்கூஸ். பின்சந்து வழியாக ஒரு பெண்ணோ ஆணோ வந்து, தகரத்தால் வழித்துக் கூடையிலோ வாளியிலோ அள்ளிச் சென்றார்கள். அவர்களுக்கு முன்வாசல் கிடையாது. அங்கணத்துத் தண்ணீரை வீட்டார் தொட்டார்கள். மலத்தைத் தொடுவதற்கென்று சில சாதிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

நவீன நகரம் இந்த இரண்டு கழிவையும் ஒரே குழாயில் சேர்த்தது. அன்றிலிருந்து, குழாயில் சிக்கிய சோற்றுப் பருக்கையை எடுப்பதும் மலம் அள்ளியவர்களின் தலையில் விழுந்தது. வீட்டுச் சாக்கடையின் வரலாற்றில் எத்தனையோ கண்டுபிடிப்புகள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இந்த மாற்றத்துக்கு உயிர்கள் விலையாகப் போயின, இன்னும் போகின்றன.

தண்ணீரை மூடிய வழியில் வெளியேற்றுவது தமிழருக்குப் புதிதல்ல. கீழடியில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. நிலத்தடி நீர்வழியைச் சங்க நூல்கள் சுருங்கை என்றன. பரிபாடலில் மதுரையின் சுருங்கையிலிருந்து பாயும் நீருக்கு, யானை துதிக்கையால் பீய்ச்சும் நீர் உவமையாக வருகிறது. மணிமேகலை வஞ்சி நகரத்து அகழியை வருணிக்கும்போது, வீட்டுப் பெண்கள் கூந்தல் கழுவிய மணநீர் சுருங்கைத் தூம்பு வழியாக அகழியில் வந்து கலப்பதைச் சொல்கிறது. குளியலறைத் தண்ணீர் வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஊர் எல்லைக்குப் போகிற ஏற்பாடு அது. அந்த வருணனைகளில் தண்ணீர் அழகாக ஓடுகிறது. தூம்பு தூர்ந்தால் உள்ளே கைவிட்டவர் யார் என்பது மட்டும் தென்படவில்லை.

இன்றைக்கு வீட்டில் இருக்கும் சாக்கடை அமைப்பின் பிறப்பிடம் லண்டன். அங்கேயும் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு மலக்குழிதான். சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி 1660 அக்டோபரில் தன் நிலவறைக்குள் இறங்கியபோது கால் மலக்குவியலில் பதிந்தது. பக்கத்து வீட்டுக் குழி நிரம்பி இவர் வீட்டுக்குள் வழிந்திருந்தது. அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். குழி நிரம்பினால் இரவில் ஆட்கள் வந்து அள்ளி வண்டியில் ஏற்றிப் போவார்கள். அதற்குக் கூலி அதிகம் என்பதால், முடிந்தவரை தள்ளிப்போடுவதே வழக்கமாக இருந்தது.

1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர், நீர்க் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் ஒரு சின்ன விஷயம்தான் உலகத்தை மாற்றியது: பீங்கானுக்குக் கீழே குழாயை வளைத்துவிட்டார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடையின் நாற்றமும் வாயுவும் அந்தத் தண்ணீரைத் தாண்டி வீட்டுக்குள் வர முடியாது. இன்று சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைகுழாய், குளியலறைத் தரையில் பிளம்பர்கள் பதிக்கும் நானி டிராப், வெளிச்சுவர் ஓரத்து கல்லி டிராப், எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான். நாற்றத்தைத் தடுத்த அதே வளைவு முடியையும் சோப்புக் கசடையும் பிடித்து வைத்துக்கொண்டது. வீட்டுக்குள் வரும் அடைப்புகளில் பெரும்பாலானவை இந்த வளைவில்தான் வருகின்றன. கையால் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்பது இதில் உள்ள நல்ல செய்தி.

கழிப்பறைகள் பெருகியதும் லண்டனின் மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. 1815-ல் வீட்டுக் கழிவைத் தெருச் சாக்கடையில் விட அனுமதி கிடைத்தது. மழைநீருக்காகக் கட்டிய அந்தச் சாக்கடைகள் எல்லாவற்றையும் தேம்ஸ் நதியில் கொண்டுபோய்க் கொட்டின. அந்த நதித் தண்ணீரைத்தான் நகரத்தின் பெரும்பகுதி குடித்தது. 1848-49 காலராவில் மட்டும் லண்டனில் சுமார் 14,000 பேர் இறந்தார்கள். 1858 கோடையில் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே எட்டிய பிறகு, 18 நாளில் சட்டம் நிறைவேறியது. ஜோசப் பேசல்ஜெட் 82 மைல் நீளத்துக்குச் செங்கல் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். அதே காலத்தில் ஹென்றி டூல்டன் லாம்பெத்தில் பளபளப்புப் பூசிய சுடுமண் குழாய்களைச் செய்து குவித்தார். உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் கசடு ஒட்டாது, குறைந்த தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஓடும் நீர் நொடிக்கு இரண்டடி வேகமாவது எடுத்தால்தான் மணலும் கசடும் தங்காது என்ற கணக்கை இன்றும் பொறியாளர்கள் கைவிடவில்லை. வேகத்துக்குச் சரிவு வேண்டும்.

சென்னையிடம் இல்லாதது அந்தச் சரிவு.

கடலோரத்து மட்டமான நிலம். தண்ணீர் தானாக ஓடி எங்கேயும் போவதில்லை. பழைய கறுப்பர் நகரத்தில், அதாவது பின்னாளைய ஜார்ஜ் டவுனில், வீட்டுக் கழிவு வாசலோரத்துத் திறந்த சாக்கடையில் தேங்கி நின்றது. மிச்சம் கூவத்துக்குப் போனது. இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்துகொண்டிருந்ததை 1863-ல் ஓர் அரசு ஆணையம் வெளிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் நின்று உழைத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், வடிகால் இல்லாததே முதல் காரணம் என்று வற்புறுத்தினார். 1860-களிலேயே கேப்டன் ஹெக்டர் டல்லோக் மதராஸுக்கு ஒரு வடிகால் திட்டம் வரைந்தார். பணமில்லை என்று அது கிடந்தது. 1875 ஏப்ரலில் மதராஸ் ஆளுநர் ஹோபர்ட் பிரபு பதவியில் இருக்கும்போதே டைபாய்டு கண்டு இறந்தார். கழிவு கலந்த தண்ணீரில் பரவும் நோய் அது. ஆளுநர் மாளிகையும் அதற்கு விலக்கில்லை.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான் பாதாளச் சாக்கடை வேலை தொடங்கியது. 1910-ஐ ஒட்டி அது நகரம் முழுவதற்குமான திட்டமாக விரிந்தது. குடிநீர், வடிகால் வேலைகளைக் கவனித்த பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லியின் பெயர் தியாகராய நகரில் சாலையாகவும் சுரங்கப்பாதையாகவும் நிற்கிறது. கழிவு சரிவில் ஓடி ஒரு கிணற்றில் சேரும்; அங்கிருந்து பம்பு வைத்து மேலே ஏற்றி அடுத்த குழாயில் விட வேண்டும்; இப்படியே பல நிலையங்களைத் தாண்டித் தொலைவில் கொண்டு சேர்க்க வேண்டும். நகரத்துக்கு 1911-ல் ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள். 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் கழிவுநீர் வரும் என்று கணக்கிட்டுக் குழாய் பதித்தார்கள். 1961 வந்தபோது சென்னையில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

அடைப்பின் கதை இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. ஒரு குடும்பத்துக்கென்று போட்ட நாலங்குலக் குழாயில், மனை அடுக்ககமானதும் பன்னிரண்டு குடும்பங்களின் தண்ணீர் இறங்கியது. மண் பைப் இணைப்புகளில் சிமென்ட் உதிர, அரசும் வேம்பும் வேரை உள்ளே விட்டன. மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரையும் பலர் சாக்கடைச் சேம்பரிலேயே திருப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் நகரத்தின் கையில் பல காலம் இருந்த கருவி ஒன்றுதான்: மூங்கில்.

முற்றிய மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, இரண்டு விரல் அகலப் பிளாச்சுகளாகச் சீவி, ஒன்றன் நுனியில் இன்னொன்றின் அடியை ஏற்றிக் கம்பியால் வரிந்து கட்டுவார்கள். தேவைப்படும் தூரத்துக்கு நீட்டிக்கொண்டே போகலாம். இரும்புக் கம்பி வளைவில் முட்டி நின்றுவிடும். மூங்கில் வளைந்து கொடுக்கும், முறியாது. முதலில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். தெருவில் வரிசையாக இரண்டு மூடிகளைத் திறந்து பார்ப்பார்கள். ஒன்றில் கழிவுநீர் விளிம்பு வரை நின்று, அதற்கு அடுத்த பள்ளத்துக் குழியில் ஈரம் மட்டும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். காய்ந்த குழியிலிருந்து பிளாச்சை உள்ளே செலுத்தி, முட்டும் இடத்தில் முன்னும் பின்னுமாக அசைப்பார்கள். பிடி தளர்கிறதா என்பதைக் கைதான் உணர வேண்டும். உடைந்த கணத்தில் தேங்கிய தண்ணீர் அத்தனையும் பாய்ந்து வரும். அனுபவசாலிகள் அதற்கு முன்பே ஒதுங்கிவிடுவார்கள். ஒரு வீட்டின் சேம்பரிலும் இதே சோதனைதான்: உள் சேம்பர் நிறைந்து வெளிச் சேம்பர் காலியென்றால் வீட்டு வேலை, இரண்டும் நிறைந்திருந்தால் தெருவில் கோளாறு. பிளம்பரை அழைப்பதா, குடிநீர் வாரியத்தை அழைப்பதா என்பதை மூடி இரண்டைத் திறந்தாலே யாரும் தெரிந்துகொள்ளலாம்.

மூங்கிலுக்கு அசையாத அடைப்பு வந்தால் ஆள் இறங்கினார். இடுப்பில் கயிறு, கோவணம் அல்லது அரைக்கால் சட்டை, தலையில் தேய்த்த எண்ணெய். மூழ்கி, கையால் துழாவி, சாக்கையும் கல்லையும் துணியையும் வெளியே எடுத்தார். சென்னையில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியரும் பிற பட்டியல் சாதியினரும். மூடிக்கிடக்கும் கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்து, நாற்றம் தெரியாமல் போகும். ஆபத்து விலகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். இரண்டொரு மூச்சில் ஆள் சாய்வார். காப்பாற்ற இறங்கும் தம்பியோ மகனோ கூடச் சாய்வார். செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்தே இறப்பதற்குக் காரணம் இதுதான்.

மாற்று இல்லாமல் இது நடந்திருந்தால் ஒருவேளை சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மாற்று எப்போதோ வந்துவிட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1933-ல், சாமுவேல் பிளாங்க் என்பவர் மகன் வீட்டுக் கழிப்பறைக் குழாயில் மரவேர் அடைத்துக்கொண்டது. அவர் சலவை இயந்திரத்தின் மோட்டாரையும் சில சக்கரங்களையும் சேர்த்து, முறுக்குக் கம்பியின் நுனியில் கத்தியைப் பொருத்தி, குழாய்க்குள் சுழலவிட்டார். வேர் அறுந்தது, தெருவைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. பொருளாதார மந்தக் காலத்தில் அந்த இயந்திரத்தை வாங்கிப் பலர் பிழைத்தார்கள். ரோட்டோ-ரூட்டர் என்ற பெரிய நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. உயரழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சும் ஜெட்ராடிங் வண்டிகள் பின்னால் வந்தன. சென்னைத் தெருக்களிலும் அவை ஓடுகின்றன. திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பேண்டிகூட் என்ற இயந்திரம் 2018-ல் சாக்கடைக்குள் இறங்கி, கேமரா கண்ணோடு கழிவை அள்ளியது. தமிழ்நாட்டில் கும்பகோணமும் கோயம்புத்தூரும் முன்கூட்டியே அதை வாங்கின. செப்டிக் டேங்குக்குள் இறங்கிக் கசடைக் கலக்கும் ஹோமோசெப் என்ற ரோபோவைச் சென்னை ஐஐடி உருவாக்கியிருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் ஆள் இறங்குகிறார் என்றால், இயந்திரத்தைவிட அந்த ஆளின் கூலி மலிவு. அந்தக் கூலியை மலிவாக வைத்திருப்பது சாதி. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த மலிவில் வீடுகளுக்கும் பங்கு உண்டு. அங்கணத்தில் ஊற்றிய எண்ணெய் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தொட்டியில் ஊற்றிய எண்ணெய் போன இடம் யாருக்கும் தெரியாது. சூடாக இருக்கும்போது நீராக ஓடும் கொழுப்பு, குளிர்ந்ததும் குழாயின் சுவரில் படியும். கால்சியத்தோடு சேர்ந்து சோப்புப் பாறையாக இறுகும். 2017-ல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் இப்படித் திரண்ட கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. எண்ணெயோடு ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகியிருந்தன. நம் ஊரில் அந்த இடத்தைச் சானிட்டரி நாப்கினும் டயபரும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டும் நீரை உறிஞ்சிப் பெருக்கச் செய்தவை. கழிப்பறையில் போட்டால் குழாயில் அந்த வேலையைத்தான் செய்யும்.

அடைப்பு வந்ததும் முதலில் கை போவது மருந்துக்கு. அமெரிக்காவில் 1923-ல் டிரேனோ என்ற பொடி கடைக்கு வந்தது: காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துணுக்குகளும். தண்ணீர் பட்டதும் கொதித்து, கொழுப்பை உருக்கும். இன்று மளிகைக் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் பொடிகள் அந்த வழியில் வந்தவை. முடிக்கும் கொழுப்புக்கும் அவை ஓரளவு உதவும்; துணிக்கும் கல்லுக்கும் உதவாது. பொடி பலிக்கவில்லை என்று மேலேயே ஆசிட்டை ஊற்றுவது கொதிக்கும் காரத்தில் கைவிடுவதற்குச் சமம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஊற்றிவிட்டுப் பிளம்பரை அழைக்கும் வீட்டார், உள்ளே என்ன ஊற்றினோம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். குழாயைக் கழற்றும்போது அது அவர் முகத்தில்தான் தெறிக்கும். ரப்பர் பம்பும் ஒரு வாளி வெந்நீரும் பல நேரம் இந்த மருந்துகளைவிட நன்றாக வேலை செய்கின்றன.

சட்டம் மெதுவாக வந்தது. மலம் அள்ள ஆள் வைப்பதையும் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் 1993-ல் ஒரு சட்டம் தடை செய்தது; சாக்கடைக்குள் இறங்குகிறவரைப் பற்றி அதில் பேச்சில்லை. சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெசவாடா வில்சன் முன்னின்று நடத்திய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போன்ற இயக்கங்களின் நெடும் போராட்டத்துக்குப் பிறகு, 2013-ல் புதிய சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம், தமிழ்நாட்டில் இந்த வேலை ஒழிந்துவிட்டது என்ற பேச்சை முகத்துக்கு நேரே மறுத்தது. 1993 முதல் நடந்த சாக்கடைச் சாவுகள் பற்றி நாடாளுமன்றத்தில் தரப்பட்ட மாநிலவாரிக் கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றிருக்கிறது.

இந்தச் சட்டம் அரசை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. வீட்டு உரிமையாளரையும், அடுக்ககச் சங்கச் செயலாளரையும், உணவக முதலாளியையும் சேர்த்தே கட்டுகிறது. பாதாளச் சாக்கடை போகாத ஊர்களிலும் புறநகர்களிலும் செப்டிக் டேங்குகள்தான். அங்கே ஆளை அழைப்பதும் பேரம் பேசுவதும் வீட்டார்தான். லாரி வந்து உறிஞ்சிய பிறகும் அடியில் கசடு கிடக்கிறது, ஓர் ஆள் இறங்கி வழித்துவிட்டால் முழுசாகச் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் மறுக்க வேண்டும். கொஞ்சம் கசடு அடியில் இருப்பது தொட்டிக்கு நல்லதே. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. எண்ணெயைத் தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சேம்பர் மூடியை மாதம் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். அதற்கு மேல் சிக்கல் என்றால் இயந்திரம் வைத்திருப்பவரை அழையுங்கள். கழிவுநீர் அகற்றும் உதவிக்கான கட்டணமில்லா எண் 14420. எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரை உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், அவரே முன்வந்தாலும்.